உயிரெழுத்தில் தொடங்கும் தேர்வு

ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேல்மாடி.
"எந்த டெஸ்ட் எழுதப் போறீங்க?" என்றார் ஜெபராணி.

பி.டி.இ. என்றால் கணினியோடு பேச வேண்டும்.
மூன்று விநாடி சத்தம் வராவிட்டால்
மைக் தானே மூடிக்கொள்ளுமாம்.
எனக்கு 'ப' திறக்கவே ஐந்து விநாடி.

டோஃபலும் இயந்திரம்தான்.
அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்,
அந்த இரைச்சலில் என் திக்கல் யாருக்கும் கேட்காது.
ஆனால் பெயரைச் சொல்வதற்கே
நாக்கு 'ட'வைத் தாண்ட வேண்டும்.

ஐயெல்ட்ஸில் எதிரே ஒரு மனிதர் இருப்பார்.
காத்திருப்பார்.
காத்திருக்கும் முகங்களை எனக்குத் தெரியும்:
டவுன் பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர்,
பெண் பார்க்கப் போன சூரமங்கலம் வீட்டில் அத்தனை பேரும்.
சிலர் என் வாக்கியத்தை முடித்தும் கொடுப்பார்கள்,
தப்பாக.

"ஐயெல்ட்ஸ்" என்றேன்.
உயிரெழுத்து, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.
தேர்ந்தெடுத்தது நான்தானா, தெரியவில்லை.

"முதல் கேள்வியே சொந்த ஊர்தான். ரெடி பண்ணிக்கோங்க."

யார் கேட்டாலும் ஏற்காடு என்று சொல்லிவிடுவேன்.
'ஏ' சுலபம்.
மலைக்குப் போனது மூன்றே முறை,
அதில் இரண்டு முறை
கொண்டை ஊசி வளைவில் வாந்தி.

ரசீதை எழுதிக்கொண்டே கேட்டார்: "எந்த ஊரு?"
ஏற்காடு வாயில் தயாராக நின்றது.
அதை ஒதுக்கிவிட்டு,
"ச்... ச்..."

பேனா நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே ஒரு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் போய்விட்டது.

"...சேலம்."

"சேலத்துல எங்க?"

குகை.
கடவுளே,
'க'.