உள்ளபடி

இருபத்தாறாம் தேதி இரவு
ஜுபைல் கேம்ப் ஆபீசில்
ஏசி விழித்திருக்கும், அப்புறம் நான்.
வாசல் எந்திரம் அனுப்பிய கோப்பு
வெறும் எழுத்து, காற்புள்ளி, மறுபடி எழுத்து.
எழுநூற்றுப் பன்னிரண்டு பேர்
விரல் வைத்துவிட்டுப் போன ஒரு மாதம்.

இரட்டைச் சொடுக்கில் திறக்காதே
என்று எனக்கு நானே எழுதி
திரையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கிறேன்.
போன மாதம் அப்படித்தான் திறந்தேன்,
பசித்தவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதுபோல
ஒரே இழுப்பில்.

எக்செல் கெட்டிக்காரன்.
சொல்லாமலே புரிந்துகொள்வான்.
நான்காம் அறை, ஆறாம் கட்டில்.
நடுவே ஒரு சின்னக் கோடு இருந்ததா,
தேதி என்று முடிவுகட்டிவிட்டான்.
திருவாடானை தெய்வேந்திரன்
ஜூன் நான்கில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
அடுத்த கட்டில்காரன் ஜூலையில்.
பதின்மூன்றாம் அறை பதினாலாம் கட்டில் மட்டும் தப்பியது,
அப்படியொரு மாதம் இல்லாததால்.

வங்கிக் கணக்கோ பதினெட்டு இலக்கம்.
ஆறு, ஒரு புள்ளி, பூஜ்யம் எட்டு,
அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு ஈ,
கூட்டல், பதினேழு.
பதறிப்போய் விரித்துப் பார்த்தால்
கடைசி மூன்றும் முட்டை.
எந்த வங்கியிலும் இல்லாத எழுநூறு பேருக்கு
நான் சம்பளம் போட்டிருந்தேன்.

அதையெல்லாம் கண்டுபிடித்தேன், திருத்தினேன்.
தேக் பகதூரைத்தான் விட்டுவிட்டேன்.

வியாழன் மாலை வந்தான்.
சத்தம் போடவில்லை.
அட்டையைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான்:
00419.
முதல் பூஜ்யத்தில் விரல் வைத்தான்,
அடுத்ததில் வைத்தான்,
என்னைப் பார்த்தான்.
என் தாளில் அவன் வெறும் நானூற்றுப் பத்தொன்பது.
அந்த எண்ணில் இருந்த கிரேன்காரன்
மூன்று வருஷம் முன்பே விமானம் ஏறிவிட்டான்.
முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று
பள்ளிக்கூடத்தில் எனக்கும்தான் சொன்னார்கள்.
ஆயிரத்து நூற்று நாற்பது ரியால்.

அதனால் இப்போது முன்வாசல் வழியாக.
தரவு, உரைக் கோப்பிலிருந்து,
அடுத்து, அடுத்து.
மூன்றாவது படியில் நின்றுவிட வேண்டும்.
அங்கேதான் கேட்கிறது, அதுவும் முணுமுணுப்பாக:
இந்தப் பத்தி என்ன வகை?
முதல் பத்தியைத் தொட்டு
ஷிஃப்டை அழுத்தியபடி கடைசிப் பத்தியையும் தொட்டால்
எல்லாம் கறுப்பாகும்.
'பொது' என்றிருப்பதை 'உரை' ஆக்கு.
அவ்வளவுதான்.
கூட்ட வேண்டாம், பெருக்க வேண்டாம்,
புரிந்துகொள்ளவும் வேண்டாம்.
வந்தது வந்தபடி உட்காரட்டும்.

கார்டு அடித்த அன்று
எனக்கு இதைச் செய்ய ஆளில்லை.
ஊரில் என் பெயர் சு. இளவழுதி.
அப்பா ஒரு எழுத்து, ஒரு புள்ளி,
வாசலில் கழற்றிய செருப்புமாதிரி
ஓரமாகக் கிடப்பார்.
குடும்பப் பெயர் என்றொரு கட்டம் காலியாக இருந்ததாம்.
யாரோ புள்ளியை உடைத்து அவரை முழுசாக விரித்துவிட்டார்கள்.
பதினோரு வருஷமாக நான் சுடலைமுத்து.
கடலைத் தாண்டாத மனுஷனை
ஃபோர்மேன் பெயர் சொல்லித் திட்டுகிறான்,
சமையல்காரன் மீன் வறுவல் இருக்கு என்று கூப்பிடுகிறான்.
அவர் இறந்த அன்றும்
லீவு ஃபாரத்தில் போவது யார், இறந்தது யார் என்று
மேலாளர் இரண்டு முறை கேட்டார்.

மணி இரண்டே கால்.
கோப்பு இறங்கிவிட்டது.
பூஜ்யங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன்.
ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும்
குட்டியாக ஒரு பச்சை முக்கோணம்:
எண்ணை எழுத்தாக வைத்திருக்கிறாய், தப்பு என்கிறான்.
மொத்தமாகத் தேர்ந்தெடுத்து
'பிழையைப் புறக்கணி' என்பதை அழுத்தினேன்.
முக்கோணங்கள் போய்விட்டன.
00419 அப்படியே நிற்கிறது.

வெளியே ராத்திரி ஷிஃப்ட் டிரைவர்
கண்ணாடியைத் தட்டுகிறான்.
சுடலே, சாயா?
வர்றேன் என்றேன்.