இருபது காசு எடை

பெட்டியில் பன்னிரண்டு திருகு என்று போட்டிருந்தது.
எண்ணினேன், பதினொன்று.
கவிழ்த்துத் தட்டி மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.
வேலையிடத்திலிருந்து சட்டைப்பையில் தொற்றி வந்த ஒன்று
சலவை இயந்திரத்தின் மேல் கிடந்தது.
அளவு பொருந்தியது. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

செங்காங், பதினான்காவது மாடி, இரவு பதினொன்றரை.
காற்றாடியை நிறுத்திவிட்டேன்,
தேய்த்த நுரைத்தூள் சோற்றுப்பானை வரை போகிறதென்று.
வியர்வை கையேட்டில் சொட்டுகிறது.
எழுத்தெல்லாம் சீனம். படங்களை நம்பி வந்தவன் நான்.
பசை சூடாகப் பிடித்துக்கொள்ள,
சுட்டுவிரலும் கட்டைவிரலும் ஒட்டிப்போய்
யாருக்கோ சின்முத்திரை காட்டியபடி
நகப்பூச்சு அழிக்கும் குப்பியைத் தேடி
சுகந்தியின் இழுப்பறையைக் கலைத்தேன்.

விரித்தால் இரண்டு மீட்டர் கிளைடர்.
கூடம் அதைவிட அகலம்தான்,
ஆனால் நடுவில் சோபா இருக்கிறது, நான் இருக்கிறேன்.
கார்பன் குழாய் இரு சிறகுக்குள்ளும் நுழைகையில்
டிபன் டப்பா மூடுகிற சத்தம்.

ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன்.
சிறகு மடல்கள் இடப்பக்கம் என்றன.
ஒரு சொடுக்கியைத் திருப்பியதும் ஒப்புக்கொண்டன.
பிறகு மோட்டார்.
விசிறியைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்,
கையேட்டில் அந்தப் படம் மட்டும் சிவப்பு.
மின்தூக்கியில் வேறொருவன் இப்படிச் செய்தால்
கத்துகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.
கழற்றவில்லை.
பின்னால் போக வேண்டிய காற்று முன்னால் பாய்ந்து
நகர மன்றத்துக் கட்டண ரசீதைத் தூக்கிக்
குளிர்பெட்டிக்கு அடியில் எறிந்தது.
மூன்று கம்பியில் இரண்டை இடம் மாற்றினால் போதும்.
இவ்வளவு சுலபமாகத் திசை திரும்பிய எதையும்
நாற்பத்தாறு வயதில் நான் கண்டதில்லை.

கடைசி வேலை, எடை பார்ப்பது.
முன்விளிம்பிலிருந்து அறுபத்தெட்டு மில்லிமீட்டர்,
இரு சிறகின் அடியிலும் பென்சில் புள்ளி,
புள்ளிக்கு ஒரு விரல். தூக்கினேன்.
வால் தொங்கியது,
கடைசிப் பேருந்தில் தூங்குகிறவன் தலைபோல.
பேட்டரியை மூக்குவரை தள்ளினேன். அப்போதும் தொங்கியது.
சாப்பாட்டு மேசைக் கிண்ணத்துச் சில்லறையிலிருந்து
ஒரு வெள்ளி வைத்தேன், மூக்கு குப்புற விழுந்தது.
ஐம்பது காசுக்கும் குனிந்தது.
இருபது காசு.

நின்றது.

பகலெல்லாம் இதே கணக்குதான் எனக்கு.
பெட்டி மேலே போவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.
சுவருக்குப் பின்னால் அந்நேரம் ஓர் இரும்புக்கட்டி
இருட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்.
மோட்டாருக்கு மிஞ்சுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.
இதற்கு அதுகூட இல்லை,
முப்பது விநாடி ஏற்றிவிட்டு விசிறி மடங்கிக்கொள்ளும்.
அப்புறம் கார்நிறுத்துமாடியின் கூரை
வெயிலைத் திருப்பித் தருவதைப் பொறுத்தது.
பருந்து சுத்துற இடத்துக்குப் போ, என்பான் ஜுல்கிஃப்லி,
அதுக்கிட்ட பேட்டரி இருக்கா என்ன?

காலை ஏழே கால். மழை.
எதிர்ப் பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை ஊதுகிறது.
ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடியே உட்கார்ந்திருக்கிறேன்.
கதவு திறந்தது, இரவுப் பணி முடித்த சுகந்தி,
கையில் ஈரக்குடை.
கட்டிலில் அவள் பக்கம் கழற்றி வைத்த இடச்சிறகு,
தலையணைமேல் வால்.
எதுவும் கேட்கவில்லை.
அறுவை முடிந்தவரைப் படுக்கை மாற்றுவதுபோல
இரு கையும் அடியில் கொடுத்து
இஸ்திரிப் பலகையில் கிடத்திவிட்டுப் படுத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு,

"காப்பிக்குன்னு எண்ணி வச்ச சில்லறை,
இருபது காசு குறையுதே."

மூக்குல இருக்கு, என்றேன்.
யார் மூக்கில் என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டாள்.