மீன் கூடைக்குப் பக்கத்தில்

முதல் மூன்று புதன்கிழமையும்
குழித்துறை நீதிமன்ற வளாகத்தில்
'இலவச சட்ட உதவி மையம்' பலகைக்குக் கீழே
நானும் மின்விசிறியும்தான்.

நாலாவது வாரம்
மேல்புறத்தில் அண்டி ஆபீஸ் வாசலுக்கே போனேன்.
ஐந்தரைக்குச் சங்கு ஊதியது.
நூற்றுச் சொச்சம் பெண்கள்
தரையில் எதையோ தொலைத்தவர்கள்போல்
குனிந்தபடி கடந்தார்கள்.
மாடியில் மேஸ்திரி பல் குத்திக்கொண்டிருந்தார்.
நான் நீட்டிய துண்டறிக்கையில்
மறுநாள் ஜங்ஷனில் எனக்கே கடலை மடித்துத் தந்தார்கள்.

பிளோமினாள்தான் சொன்னாள்,
நெத்தோலியைக் கூறு வைத்துக்கொண்டே:
"மேசை போட்டா ஒருத்தியும் வரமாட்டா பிள்ளே.
மீன் வாங்க நிக்கவள
எவன் ஏன்னு கேப்பான்?
இங்கன இரி."

இருந்தேன்.
கவிழ்த்த ஐஸ் பெட்டி. கோப்புகளுக்கு அடியில் வாழையிலை.

முதலில் வந்தவள் றோஸ்லெட்.
சாளை என்ன விலை என்று அவளிடம் கேட்டு
கண்ணை என்மேல் வைத்தாள்.
ரேஷன் கடை எந்திரம்
ஏழு மாதமாக அவள் விரலை ஏற்கவில்லை.
அண்டிப்பால் தின்ற பத்து விரலையும் விரித்தாள்.
கோடு போடாத நோட்டு.
"இருவத்திநாலு வருசம் தல்லினேன்.
இப்ப நான் நானில்லியாம்."

மனு எழுதி முடித்தேன்.
கடைசி வரியில் அச்சடித்திருந்தது:
இடது கைப் பெருவிரல் ரேகை.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிளோமினாள்தான் முதலில் சிரித்தாள்,
பிறகு றோஸ்லெட், பிறகு
சட்டம் படித்த நான்.

"பேனாவ இஞ்ச தா" என்றாள் றோஸ்லெட்.
ஐந்தாம் வகுப்பு வரை போனவளாம்.
அதற்குப் பிறகு யாரும்
மைப்பெட்டியைத்தான் நீட்டியிருக்கிறார்கள்.
றோ போட்டு, நின்று,
மீதியை நினைவிலிருந்து பிடுங்கி எழுதினாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.
"ஆபீசுக்க பேர ரெண்டு தடவ மாத்தியாச்சு.
அப்ப எனக்க வருசமெல்லாம்
எந்தப் பேருல கிடக்கு?"

அதற்கான படிவம் என் பையில் இல்லை.
அடுத்த புதன் என்றேன்.

"சாளை வாங்காம போவாத,"
பிளோமினாள் குரலைத் தாழ்த்தினாள்,
"டீக்கடையில மேஸ்திரிக்க தம்பி."

அடுத்த புதன், மழை.
பஸ் தாமதமாகி நான் போய்ச் சேர ஆறு மணி.
மீன் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

வெறும் கூடையைச் சுற்றி
பதினோரு பெண்கள்
குடைக்குள் நின்று
விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.