மீதித் தீவு

பதினோரு மாதம்,
தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு.
நோட்டு என்னிடம். அட்டையில் ஒரு தென்னை,
அதன் கீழே பெனாசிரின் கையெழுத்தில்:
அந்தமான்.
கடலுக்கடியில் நடத்தல் உட்பட.

மன்னார்குடிக் கடைத்தெரு, ஜவுளிக்கடை,
மூன்றாவது மாடி, சுடிதார் பிரிவு, ஒன்பது பேர்.
காலை ஒன்பதரைக்கு நின்றால்
இரவு ஒன்பதரைக்குத்தான் முட்டி மடங்கும்.
தீவு என்றால் எங்களுக்கு
நீலத் தண்ணீர் இல்லை, பவளம் இல்லை,
உட்காருகிற இடம்.

மார்கழி இருபதில்
ரெக்ஸ்லின் மகனுக்குக் குடல்வால்.
நோட்டைத் திறந்தேன்.
யாரும் ஓட்டெடுக்கவில்லை.
"திருப்பிடுறேன்..." என்று ஆரம்பித்தவள் வாயை
செண்பகவடிவு
ஒரு முறுக்கால் அடைத்தாள்.

மீதி ஆறாயிரத்து இருநூறு.
அதற்குள் வருகிற தீவு எது?

ஜாம்புவானோடையில் ஒரு படகு.
கொலுக்குமலை போய்வந்த பெனாசிரின் அண்ணன்
"கிழிக்காம தருவீங்கள்ல" என்று ஏழு முறை கேட்டுத் தந்த
ஆரஞ்சுக் கூடாரம்.
தையல் பிரித்த பிள்ளையை மாமியாரிடம் விட்டு
ரெக்ஸ்லினும் வந்தாள்.

அலையாத்திக் காடு முடிந்து
காயல் வாய் திறக்கும் இடத்தில் ஒரு திட்டு.
பேர் கேட்டோம்.
"பேரா? திட்டுதான்" என்றான் இதயத்துல்லா.
ராத்திரி தண்ணி வரும் என்றும் சொன்னான்.
வரட்டும் என்றோம்,
அதற்குத்தானே வந்தோம்.

கூடார முளைகள் மலைக்குச் செய்தவை.
இங்கே அடித்தால்
மோரில் குத்திய கரண்டி.
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போர்த்திய
நெல்மூட்டையைத் தவிர
வேறு குன்று அறியாத சீமை இது.
கூடாரம் கொஞ்சம் யோசித்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.

மடவை மீன் குழம்பு, குழைந்த சோறு.
தூரத்தில் பூநாரைகள்
ஒற்றைக் காலில், வரிசையாக.
"அதுங்களும் சுடிதார் செக்‌ஷனாடி?"
அஞ்சுகம் கேட்டதில்
புரையேறிச் சிரித்தோம்.

பதினொரு மணிக்கு என் செருப்பு மிதந்தது.
பிறகு வெங்காயம்.
நிலா பெருத்த நாள் என்று யார் பார்த்தது,
காலண்டரில் எங்களுக்குத் தெரிவது
சிவப்புத் தேதி மட்டும்.
கணுக்கால். கெண்டைக்கால்.
பன்னிரண்டு மணி நேரம் நின்று பழகியவர்கள்
பயப்படவில்லை என்று எழுத ஆசை.
பயந்தோம்.
குளத்தில் முங்கி வளர்ந்த தில்லைநாயகிதான்
முதலில் அழுதாள்.

படகில் தூங்குகிறவனைக் கூப்பிட
ஒன்பது தொண்டையிலும் வந்தது
கடைவாசல் குரல்:
"வாங்க சார், வாங்க, உள்ள வாங்க!"

வந்தான்.
கூடாரத்தைப் படகின் நடுவில் விரித்தோம்.
முளைக்குப் பதில் உடம்பு,
மூலைக்கு ஒருத்தி துணியின்மேல் உட்கார்ந்து,
மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து,
உட்கார்ந்து,
கீழே திட்டு இருந்த இடத்தில் மீன் துள்ள,
மேலே பனி சொட்ட,
விடியும்வரை யாரும்
எந்த அளவும் எந்த நிறமும் கேட்கவில்லை.
ரெக்ஸ்லின் என் தோளில் தூங்கினாள்.
அவள் குறட்டை விடுவாள் என்பது
நாலு வருடத்தில் தெரியாது.

கரையில் வலை உதறிய ஒருவர் கேட்டாராம்,
காயலுக்குள் மலை எப்போது முளைத்தது என்று.
இதயத்துல்லா சொன்னது.
அவன் எதையும் சொல்வான்.

நோட்டில் எழுதினேன்:
படகு நாலாயிரம்.
மடவை ஆயிரத்து நூறு.
அரிசி, விறகு, மிதந்துபோன வெங்காயம் எழுநூறு.
பேருந்து போகவர நானூறு.
செருப்பை எழுதவில்லை.

பெனாசிர் பேனாவை வாங்கி
அட்டையில் அந்தமானை அடித்தாள்.
அடுத்த வரியைப் பார்த்தாள்,
விட்டுவிட்டாள்.

மன்னார்குடிப் பேருந்தில்
உட்கார இடமில்லை.