இரண்டு அட்டை அகலம்

வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள்.
கட்டி முடித்து, மெத்தையைத் தரையில் விரித்து,
அண்ணாந்து பார் என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

மெல்பர்னுக்கு மேற்கே
புல்வெளியை அறுத்துப் போட்ட தெரு.
பதினோராம் எண் எங்களுடையது.
கட்டில் வரவில்லை, திரைச்சீலை வரவில்லை.
இரவெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை எனக்கு,
பகலில் படுத்தால் முகத்தில் வெயில்.
அப்படித்தான் கண்ணில் பட்டது:
சீலிங்குக்கும் கார்னிஸுக்கும் நடுவே
பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு.

'நிழல்' என்றான் கேலம்.
நாற்காலி மேல் ஏறி
பாங்க் அட்டையைச் செருகிப் பார்த்தேன்.
நிழலுக்குள் அட்டை போனது.
வீட்டுத் தவணை கழிந்த பிறகு
அந்த அட்டைக்கும் வேறு வேலை இல்லை.

மார்ச்சில்
இரண்டு அட்டை.

பில்டரின் ஆள் பிரிட்சார்ட் வந்தார்.
ஏணி கொண்டுவரவில்லை.
அறை வாசலில் நின்றே போட்டோ எடுத்தார்.
'கூரை மரம் காய்கிறது, அடியில் களிமண் அசைகிறது,
எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான்.'
யார் அனுமதித்தது என்று
நான் வாயெடுப்பதற்குள்
அவர் வண்டி முனை திரும்பிவிட்டது.

நாங்களே பூசினோம்.
தூளைக் குழைத்து, பட்டைக் கத்தியால் அழுத்தி,
விரிசலின் வாயை அடைத்தோம்.
கல்லாய் இறுகியது.
இரண்டு வாரம் விருந்தாளிபோல்
மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தோம்.

ஜூனில் மண் மழை குடித்து உப்பியது.
பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது,
தலையணையில், என் இமையில்,
கேலமின் தேநீரில்.
'சர்க்கரை போட்டாயா?' என்றான்,
குடித்தும் விட்டான்.

வீடு பார்க்க வந்த அக்காவுக்கு
விளக்கைப் போடாமல்
படுக்கையறையைக் காட்டினேன்.
'இருட்டாக இருக்கிறதே' என்றாள்.
'குளிர்ச்சிக்கு' என்றேன்.
ஜூலை மாதத்தில்.

ஒரு ஞாயிறு, ஹார்டுவேர் கடை வரிசை.
எனக்கு முன்னால் எட்டாம் எண் ஹர்கீரத்,
பின்னால் பதினாலாம் எண் மார்த்தீஸ்.
எட்டு மாதமாக
ஒரே செவ்வாய்க்கிழமை குப்பைத்தொட்டியை உருட்டியவர்கள்,
தலையசைப்பைத் தாண்டாதவர்கள்.
மூன்று பேர் கையிலும் அதே வெள்ளைக் குழாய்:
காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும் பசை.
முகத்தைப் பார்க்கவில்லை,
ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

'எத்தனை மில்லிமீட்டர்?' என்றாள் மார்த்தீஸ்,
பிள்ளை எத்தனாவது படிக்கிறான்
என்று கேட்கிற குரலில்.
'கூடத்தில் நாலு' என்றார் ஹர்கீரத்.
'படுக்கையறை அளவை
வரிசையில் வைத்துச் சொல்ல மாட்டேன்.'
கல்லாக்காரப் பையன்
எங்கள் சிரிப்பு ஓயும்வரை
ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மார்த்தீஸின் ஏணி அன்றிலிருந்து
யார் வீட்டில் இருக்கிறதென்று
தெருவில்தான் விசாரிக்க வேண்டும்.

உதிர்ந்ததைச் சுரண்டினேன்.
தூசியை ஈரப் பஞ்சால் துடைத்தேன்.
குழாய் மூக்கைச் சாய்வாக வெட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்,
அறை நீளத்துக்கு ஒரே இழுப்பு.
விரலை நனைத்து மேலே ஓட்டினேன்.
கிழவர்களுக்கு உதட்டில் களிம்பு தடவும்
அதே விரல், அதே அழுத்தம்;
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.
கேலம் ஏணியைப் பிடித்திருந்தான்.
பார்க்கச் சொன்னது சுவரை,
பார்த்தது போனை.

மூலையில் ஒரு சாண் இருக்கும்போது
பசை தீர்ந்தது.
'அலமாரி வந்து மறைத்துவிடும்' என்றான்.
வந்தது. மறைத்தது.
வடக்குக் காற்று வீசும் இரவில் மட்டும்
அலமாரிக்குப் பின்னால்
யாரோ சூடான சூப்பை ஊதுகிறார்கள்.

மற்றபடி வெள்ளை. ஒரே வெள்ளை.
நாலு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்தால்
ஓரிடத்தில் என் பெருவிரல் தெரியும்,
ரேகையோடு, பெயிண்டுக்கு அடியில்.

இப்போதெல்லாம் மேலே பார்ப்பதே இல்லை
என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.
நேற்றுக்கூட நாற்காலியில் ஏறி
அட்டையைச் செருகினேன்.
போகவில்லை.

பிப்ரவரி இன்னும் வரவில்லை.