வெறும் கரடி

வோரு நகரின் மழலையர் பள்ளியில்
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஈரக் கையுறைகள் ஹீட்டர்மேல் ஆவிவிட
கதையை முடித்துக்கொண்டிருந்தேன்:
கடைசித் துண்டுக் கறுப்பு ரொட்டியைக்
கரடிக்குக் கொடுத்தாள் இளையவள்.
தோல் கழன்று விழ
இளவரசனாய் எழுந்தது கரடி.

யார் நல்லவள்?
பதினோரு கைகள் சொல்லின
இளையவள் என்று.
யூலார் மட்டும் பூட்ஸ் நாடாவை மென்றபடி,
"உள்ளே இளவரசன் இருக்கான்னு
அக்காங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை.

"வெறும் கரடியா இருந்திருந்தா?"

பதினெட்டு வருடமாய்ச் சொல்லும் கதை.
கூலியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே
குணத்தைக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மாற்றிச் சொன்னேன்.
கரடி தின்றது.
அவள் வெறுங்கையை ஒருமுறை முகர்ந்தது.
திரும்பிப் பாராமல் பனிக்குள் போயிற்று.

"அப்புறம்?"
அப்புறம் அவளுக்குப் பசித்தது.

லேலோ அழுதேவிட்டாள்.
இரண்டு பேர் இளவரசனைத் திருப்பிக் கேட்டார்கள்.
அன்று மாலை ஒரு தாய்க்கு
நான் விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தது.

யூலார் கோட்டுப் பொத்தானைத்
தப்பான துளையில் மாட்டிக்கொண்டே கேட்டான்:
"கரடி நாளைக்கும் வருமா?"
தெரியாது என்றேன்.

"வந்தா
பசியோடதான் வரும்."