பெல்ட் அறுந்த மத்தியானம்

ஒலுமடு தாண்டி ஒரு பாலைமரத்துக்குக் கீழே
வாகனம் முனகிவிட்டு நின்றது.
மாங்குளத்திலிருந்து பெல்ட் வர இரண்டு மணித்தியாலம்.
பின்னால் பதினொரு பெட்டிப் புத்தகம்.
நடமாடும் நூலகம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும்;
நான் சாரதி மட்டும்.
கதை சொல்கிற பத்மரஞ்சினி அன்றைக்கு லீவு.

பள்ளிக்கூடம் விட்ட சைக்கிள்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.
ஒருவரும் அனுமதி கேட்கவில்லை.
ஆறாம் பெட்டிக்குள் கைவிட்டு டனுசன் ஒன்றை இழுத்தான்.
"அண்ணை, தும்புத்தடியைத் தலையில கட்டினவன் ஆர்?"
கிரேக்க வீரனாம். எனக்கும் அன்றைக்குத்தான் அறிமுகம்.

பெயர்கள் நாக்கில் ஏறவில்லை.
மூன்றாம் பெயரில் வினுசியா பக்கத்தைப் பொத்தினாள்:
"நாங்களே வைப்பம்."
தாய் ஆற்றில் தோய்த்தெடுத்தபோது
பிடித்த இடம் மட்டும் நனையாமல் போனவன் குதிக்காலன்.
கப்பலைக் கட்டிய கையாலேயே பொய்யையும் கட்டியவன் சுத்துமாத்து.
மதிலுக்குள் நின்ற மூத்த மகன்,
குழந்தை பயந்து அழுததென்று
தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தவன்,
அவனுக்குப் பட்டம் வைக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"அவர் அண்ணா" என்றது ஒரு சின்னது.
அப்படியே நின்றுவிட்டது.

குதிக்காலன் கோபித்துக்கொண்டு கொட்டிலுக்குள் படுத்தது
உடனே விளங்கியது அவர்களுக்கு.
"அவுட் எண்டதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போறமாதிரி."
எல்லோரும் கபிசனைப் பார்த்தார்கள்.
கபிசன் பாலைப்பழக் கொட்டையைத் துப்பினான்.

ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாய் வாசித்தேன்.
வேண்டுமென்று அல்ல, குரல் அப்படி வந்தது.
அரசன், வயது போனவர், இரவில்,
மகனைக் கொன்றவனின் கொட்டிலுக்குப் போய்
அந்தக் கையையே பிடித்து முத்தமிட்டு
உடம்பைத் தா என்று கேட்கிறார்.
"குடுத்தவனோ?"
"குடுத்தவன்."
"முழுசாவோ?"
"முழுசா. கழுவி, துணி சுத்தி.
செத்தவீடு செய்யப் பதினொரு நாள் சண்டையும் இல்லை."
வினுசியா விரல் மடித்து எதையோ எண்ணினாள்.

மரக்குதிரையில்தான் சண்டை வந்தது.
பத்து வருசம் பூட்டிக்கிடந்த கதவைத் திறந்து
கரையில் அநாதையாய் நின்ற சாமானை
ஊரே கயிறுபோட்டு உள்ளே இழுக்கிறதாம்!
"அறியாத பொருளைத் தொடாதே எண்டு
அவையின்ர பள்ளிக்கூடத்தில படம் ஒட்டேல்லையோ?"
"சிவப்புத் தடி நடேல்லையோ?"
"எங்கட அம்மாவைக் கூப்பிட்டிருந்தா
முழங்காலில இருந்து பாத்துச் சொல்லியிருப்பா"
என்றாள் மதுர்சிகா.
முகமாலையில் வெடி எடுக்கிற வேலை தாய்க்கு.
மூவாயிரம் வருசத்துக்கு முந்திய அந்த ஊர்
அவள் அம்மா லீவெடுத்த நாளில் எரிந்ததுபோல் இருந்தது.

பிறகு சுத்துமாத்து வீட்டுக்குப் புறப்பட்டான்.
ஒற்றைக்கண்ணன் குகை, காதுக்குள் மெழுகு,
தின்னக்கூடாத மாட்டைத் தின்று செத்த கூட்டாளிகள்.
வீட்டில் பெண்சாதி
பகலில் நெய்ததை இரவில் பிரிக்கிறாள்.
இருபதாம் வருசம்
என்ற இடத்தோடு சரி. மிச்சத்தைக் கறையான் வாசித்திருந்தது.

"வந்தவனோ?"
தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.
"வருவான், சுத்துமாத்தல்லோ" என்றான் கபிசன்.
கடல் சும்மா விடாது என்றான் டனுசன்.
வினுசியா சைக்கிளை நிமிர்த்தினாள்:
"அவ நெய்யிறதை விட்டிட்டாவோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."
பெல்ட் வந்தது.

இரவு கிளிநொச்சியில் கைபேசியில் தேடினேன்.
வந்திருக்கிறான், பிச்சைக்கார வேசத்தில்.
முதலில் அடையாளம் கண்டது நாய்.
எருக்குவியலில் கிடந்தபடி வாலை ஆட்டிவிட்டுச் செத்தது.
நாயைச் சொல்லலாம். அழுவார்கள்,
அது சுகமான அழுகை.

வெள்ளிக்கிழமையும் அதே வழி.
முறிகண்டியில் ஒரு தேங்காய் உடைத்தேன்,
பிள்ளைகளுக்கு என்று கச்சானும் கட்டினேன்.
வாகனத்தில் ஒரு குறையும் இல்லை.
தூரத்தில் பாலைமரம், அடியில் சைக்கிள்கள்.
"வந்தவன்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
கியரை இரண்டுக்கு இறக்கினேன்.